பழைய லேப்டாப்பில் எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் வேலை செய்யவில்லையா? கடையில் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

வட சென்னையில் பழைய லேப்டாப்புகளுக்கு ஆயுசு அதிகம். ஏதோ ஒரு கம்பெனி பயன்படுத்திக் கழித்துவிட்ட திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக் மெஷின்கள், சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெரு வழியாகத் தண்டையார்பேட்டைக்கும் வியாசர்பாடிக்கும் வந்து சேர்கின்றன. ரேம் கூட்டி எஸ்எஸ்டி போட்டபின் கல்லூரிப் பிள்ளைகளின் மேசையில் இன்னொரு சுற்று ஓடுகின்றன. அவற்றின் பக்கவாட்டில் நீளமாக ஒரு வாய் இருக்குமே, அதுதான் விரிவாக்கக் கார்டு ஸ்லாட். 2010 வாக்கில் வந்த மெஷினில் பெரும்பாலும் யுஎஸ்பி 3 இருக்காது. ஒரு கார்டு வாங்கிச் செருகினால் அது கிடைத்துவிடும். அப்பா அம்மா கல்யாண வீடியோ இன்னும் மினிடிவி டேப்பாகவே (பழைய வீடியோ கேமராவின் சின்ன டேப்) கிடக்கும் வீடுகளில், அந்தக் கேமராவை லேப்டாப்போடு இணைக்க ஃபயர்வயர் கார்டு தேவைப்படும். பட்டறைகளில் அங்குள்ள பழைய இயந்திரங்களோடு லேப்டாப்பை இணைக்க சீரியல் போர்ட் கார்டு கேட்பார்கள்.

கார்டைச் செருகியதும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் ‘ஸ்லாட் போச்சு’ என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு பெரும்பாலும் தவறு. கார்டு வேறு இனமாக இருக்கும். பயாஸில், அதாவது லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பில், ஸ்லாட்டை அணைத்து வைத்திருப்பார்கள். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் இருக்காது. கார்டுக்கு மின்சாரம் போதாது. இல்லையென்றால் தொடுமுனைகளில் அழுக்கும் களிம்பும் ஏறியிருக்கும். இந்த ஐந்தையும் பெரிய செலவில்லாமல் நீங்களே பார்த்துவிடலாம். மதர்போர்டில் கை வைக்கச் சம்மதிப்பது அதற்கெல்லாம் பிறகுதான்.

உங்கள் மெஷினில் இருப்பது எந்த ஸ்லாட்?

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மூன்று வாய்கள் பழைய லேப்டாப்புகளில் உண்டு.

முதலாவது பிசி கார்டு ஸ்லாட். பிசிஎம்சிஐஏ என்றும் சொல்வார்கள். 54 மில்லிமீட்டர் அகலம். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் ஊசி ஊசியாக இரண்டு வரிசையில் 68 பின்கள் தெரியும். பக்கத்தில் கார்டை வெளியே தள்ள ஒரு பட்டன் இருக்கும். இதில் போடும் கார்டுகளிலேயே இரண்டு தலைமுறை உண்டு: பழைய 16 பிட் கார்டு, 1995-இல் வந்த 32 பிட் கார்ட்பஸ். செருகும் ஓரத்தில் சின்னச் சின்ன மேடுகளோடு பொன்னிற உலோகப் பட்டை ஓடினால் அது கார்ட்பஸ்.

இரண்டாவது எக்ஸ்பிரஸ்கார்டு, 2003-இல் அறிமுகமானது. இதில் ஊசிப் பின்கள் கிடையாது, தட்டையான 26 தொடுமுனைகள்தான். கார்டு 75 மில்லிமீட்டர் நீளம், 5 மில்லிமீட்டர் கனம். அகலம் 34 மில்லிமீட்டராக இருக்கும், அல்லது 54 மில்லிமீட்டரில் ‘எல்’ வடிவில் இருக்கும். 34 அகலக் கார்டு இரண்டு அகல ஸ்லாட்டிலும் வேலை செய்யும். 54 கார்டு 34 ஸ்லாட்டில் நுழையாது.

மூன்றாவது ஸ்மார்ட் கார்டு ரீடர். வங்கி அட்டை அளவில், மெல்லிய அட்டைக்கு மட்டும் திறந்திருக்கும். ஆபீஸ் லாட்டிட்யூட், எலைட்புக் மெஷின்களில் இது உண்டு. இதில் எக்ஸ்பிரஸ்கார்டை அழுத்திப் பார்த்து வாயை உடைத்தவர்கள் இருக்கிறார்கள். 5 மில்லிமீட்டர் கனமுள்ள கார்டு இயல்பாக நுழையாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பிசி கார்டும் எக்ஸ்பிரஸ்கார்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ‘ரெண்டும் ஒண்ணுதான், அழுத்திப் போடுங்க’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பின் வளைந்தால் நல்ல ஸ்லாட்டும் பாழாகும். லேப்டாப்பின் அடியில் இருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் கையேட்டைத் தேடினால் எந்த ஸ்லாட் என்று தெளிவாகப் போட்டிருக்கும். லெனோவோ, டெல், எச்பி மூன்றும் இந்தக் கையேடுகளை இலவசமாகவே கொடுக்கின்றன.

செருகும் முறை

பல ஸ்லாட்டுகளில் பிளாஸ்டிக் டம்மி கார்டு உட்கார்ந்திருக்கும். அதை வெளியே எடுத்த பிறகுதான் உங்கள் கார்டு நுழையும். எடுத்ததைத் தூக்கிப் போடாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

லேப்டாப்பை முழுவதும் ஷட்டவுன் செய்யுங்கள். ஸ்லீப் போதாது. சார்ஜரைச் சொருகி வையுங்கள். கார்டை லேபிள் மேல்பக்கம் வரும்படி நேராகப் பிடித்து, கடைசியில் ஒரு சின்ன எதிர்ப்பைத் தாண்டும்வரை தள்ளுங்கள். அப்புறம் ஆன் செய்யுங்கள். சில மெஷின்களில், ஆன் செய்யும்போது ஸ்லாட் காலியாக இருந்தால் பின்னால் செருகும் கார்டை அது கண்டுகொள்ளாது. ஆகவே எல்லாச் சோதனைகளையும் கார்டைச் செருகியபின் ஆன் செய்தே பாருங்கள்.

கார்டு நேராக உட்காருவது ஏன் முக்கியம் என்றால், பிசி கார்டில் ‘கார்டு வந்துவிட்டது’ என்று லேப்டாப்புக்குச் சொல்வது 36, 67 ஆகிய இரண்டு பின்கள். மற்றவற்றைவிடக் குட்டையான இவை இரண்டும் ஆளுக்கொரு ஓரத்தில் இருக்கின்றன. கார்டு கொஞ்சம் சாய்ந்தாலும் ஒன்று தொடும், மற்றது தொடாது. இரண்டும் தொட்டால்தான் லேப்டாப் கார்டுக்கு மின்சாரமே கொடுக்கும். எக்ஸ்பிரஸ்கார்டிலும் இதே வேலைக்குத் தனித் தொடுமுனைகள் உண்டு. அந்த ஒரு புள்ளியில் அழுக்கு இருந்தால்கூட மொத்தக் கார்டும் செத்தது போலத் தோன்றும்.

34 கார்டை 54 ஸ்லாட்டில் போட்டால் ஒரு பக்கம் பிடிப்பு இருக்காது. அதில் கனமான கேபிள் தொங்கினால் கார்டு அசைந்து தொடர்பு விட்டுவிட்டு வரும். கேபிளின் எடை கார்டின் மேல் விழாதபடி பக்கத்தில் ஒரு புத்தகத்தை வைத்துத் தாங்குங்கள்.

முடிந்தால் அதே கார்டை நண்பரின் லேப்டாப்பில் போட்டுப் பாருங்கள், அல்லது வேறொரு கார்டை இரவல் வாங்கி உங்கள் ஸ்லாட்டில் போடுங்கள். ஒரே ஒரு கார்டை வைத்துக்கொண்டு ஸ்லாட்டைக் குற்றம் சொல்ல முடியாது.

பயாஸில் ஒரு பார்வை

கம்பெனிகள் தகவல் திருட்டுக்குப் பயந்து தங்கள் லேப்டாப்புகளில் போர்ட்டுகளை அணைத்து வைப்பது வழக்கம். விற்கும்போது யாரும் அதைத் திரும்ப இயக்கிவிட்டு விற்பதில்லை. கழித்த மெஷின்களில் ‘செத்த’ ஸ்லாட்டுக்கு இது முக்கியமான காரணம்.

ஆன் செய்ததும் திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10 அழுத்துங்கள். திங்க்பேடில் ‘செக்யூரிட்டி’ பக்கத்துக்குள் ‘ஐ/ஓ போர்ட் ஆக்சஸ்’ என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் எக்ஸ்பிரஸ்கார்டு வரியைப் பாருங்கள். லாட்டிட்யூடில் ‘மிசலேனியஸ் டிவைசஸ்’ பகுதியில் டிக் போடும் கட்டம் இருக்கும். எச்பியில் ‘சிஸ்டம் கான்ஃபிகரேஷன்’ கீழே வரும் போர்ட் பட்டியலில் தேடுங்கள். அணைந்திருந்தால் இயக்கி, சேமித்து வெளியே வாருங்கள். அந்த வரி சாம்பல் நிறத்தில் தொட முடியாமல் இருந்தால் பழைய கம்பெனி போட்ட சூப்பர்வைசர் பாஸ்வேர்டு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். விற்ற கடையிலேயே போய்க் கேளுங்கள், அதை எடுத்துக் கொடுப்பது அவர்கள் பொறுப்பு.

லினக்ஸ் பென்டிரைவ் சோதனை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கோளாறு விண்டோஸிலா, ஸ்லாட்டிலா என்பதை இது பிரித்துக் காட்டிவிடும்.

விண்டோஸ் போலவே லினக்ஸும் ஓர் இயங்குதளம், இலவசமாகக் கிடைக்கும். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் அதன் வகைகளான லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் எழுதிக்கொள்ளுங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், முதலில் காப்பி எடுத்து வையுங்கள். பிசி கார்டு காலத்து 32 பிட் மெஷின் என்றால் ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் வகை பொருத்தமாக இருக்கும். திங்க்பேடிலும் டெல்லிலும் எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்திப் பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். இன்ஸ்டால் செய்ய வேண்டாம், முயன்று பார்க்கும் வசதியே போதும். உங்கள் விண்டோஸை அது தொடாது.

முதல் தடவை கார்டு இல்லாமல் பூட் செய்யுங்கள். டெர்மினலைத் திறந்து எல்-எஸ்-பி-சி-ஐ என்ற ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டினால் ஒரு பட்டியல் வரும். அதை மொபைலில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்து எல்-எஸ்-யு-எஸ்-பி என்று அடித்து அதையும் படம் பிடியுங்கள். ஷட்டவுன் செய்து கார்டைச் செருகி, மறுபடி பூட் செய்து, அதே இரண்டு பட்டியலையும் எடுங்கள். புதிதாக ஒரு வரி வந்திருக்கிறதா?

இரண்டு பட்டியல் எதற்கு என்றால், எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்டுக்குள் இரண்டு தனித்தனி வழிகள் ஓடுகின்றன. ஒன்று பிசிஐ எக்ஸ்பிரஸ், மற்றது யுஎஸ்பி 2. ஒவ்வொரு கார்டும் தனக்கு வேண்டிய வழியை எடுத்துக்கொள்ளும். ஃபயர்வயர், யுஎஸ்பி 3, இசாட்டா (வெளி ஹார்ட் டிஸ்க் இணைப்பு) கார்டுகள் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியில் வரும். 3ஜி மோடம் கார்டுகள் பொதுவாக யுஎஸ்பி வழியில் வரும். ஒருவகைக் கார்டு தெரிந்து மற்றது தெரியாவிட்டால் ஸ்லாட்டுக்கு மின்சாரம் வருகிறது, இயந்திர அமைப்பும் நன்றாக இருக்கிறது. தெரியாத வழியின் தொடுமுனையிலோ பயாஸ் அமைப்பிலோதான் கோளாறு. பிசி கார்டு ஸ்லாட்டில் இந்த இரட்டை வழி கிடையாது. அதில் கார்ட்பஸ் கார்டுகள் மட்டும் முதல் பட்டியலில் வரும், 16 பிட் கார்டுகள் வராது.

புது வரி வந்துவிட்டால் நிம்மதியாக இருங்கள். ஸ்லாட் உயிரோடு இருக்கிறது. அடுத்த பகுதியைப் படியுங்கள். வரவே இல்லை என்றால் அதைத் தாண்டிச் சுத்தம் செய்யும் பகுதிக்குப் போங்கள்.

லினக்ஸில் தெரிகிறது, விண்டோஸில் வேலை செய்யவில்லை

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து மஞ்சள் முக்கோணம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதை இருமுறை கிளிக் செய்தால் ஒரு பிழைக் குறியீட்டு எண் வரும். 28 என்றால் டிரைவரே இல்லை. 22 என்றால் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள், இயக்கினால் போதும். 10 என்றால் கருவி தொடங்க முடியவில்லை: டிரைவர் பொருந்தவில்லை என்பது முதல் சந்தேகம். 43 என்றால் கருவியே கோளாறு சொல்கிறது: மின்சாரத்தையும் தொடர்பையும் பாருங்கள்.

விண்டோஸ் 7-இல் யுஎஸ்பி 3-க்கு உள்ளே டிரைவர் கிடையாது. விண்டோஸ் 8 முதல்தான் சேர்ந்தே வருகிறது. 7 வைத்திருப்பவர்கள் கார்டில் இருக்கும் சிப் எது என்று பார்த்து அதற்குரிய டிரைவரைப் போட வேண்டும். டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் ‘டீடெயில்ஸ்’ பக்கத்தில் வரும் ‘ஹார்ட்வேர் ஐடி’ வரியில் 1033 என்று இருந்தால் என்இசி, 1912 என்றால் ரெனெசாஸ். ஃபயர்வயர் கார்டு விண்டோஸ் 10-இல் பட்டியலில் தெரிந்தும் கேமராவைக் காணவில்லை என்றால் மைக்ரோசாஃப்டின் பழைய 1394 ‘லெகசி’ டிரைவரைப் போட்டுப் பாருங்கள் (1394 என்பது ஃபயர்வயரின் இன்னொரு பெயர்). கேமராவும் விசிஆர் அல்லது பிளே நிலையில் இருக்க வேண்டும், ரெக்கார்டிங் நிலையில் டேப் ஓடாது. ஒரு மணி நேர மினிடிவி டேப் ஏறக்குறைய 13 ஜிபி பிடிக்கும், டிஸ்கில் அந்த இடத்தை முதலில் ஒதுக்குங்கள்.

கொஞ்ச நேரம் வேலை செய்து பிறகு கார்டு மறைந்துவிடுகிறதா? பவர் ஆப்ஷனில் ‘பிசிஐ எக்ஸ்பிரஸ்’ கீழே ‘லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்’ என்று இருப்பதை ஆஃப் செய்யுங்கள்.

அடுத்து மின்சாரம். எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் கொடுப்பது 3.3 வோல்ட்டும் 1.5 வோல்ட்டும் மட்டும்தான். யுஎஸ்பி கருவிகளுக்கு வேண்டியதோ 5 வோல்ட். அதனால்தான் பல யுஎஸ்பி 3 கார்டுகளின் ஓரத்தில் ஊசித் துளை போல ஒரு சின்ன பவர் ஜாக் இருக்கிறது. கூடவே வரும் மெல்லிய கேபிளின் ஒரு முனையை அதிலும், மறுமுனையை லேப்டாப்பின் சாதாரண யுஎஸ்பி போர்ட்டிலும் செருக வேண்டும். இந்தக் கேபிளைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிட்டு, ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று அடிக்கிறது, ஸ்லாட் சரியில்லை என்று சொல்பவர்கள் ஏராளம். கேபிள் இல்லையென்றால் தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப்பை நடுவில் போட்டுச் சோதியுங்கள்.

எதிலும் தெரியவில்லை: சுத்தம் செய்வது

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஓரமாக இருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே உப்புக் காற்றின் வேலை தெரியும். ஸ்லாட்டின் தொடுமுனைகளில் மேலே தங்கப் பூச்சு, அதற்குக் கீழே நிக்கல், அதற்கும் கீழே செம்புக் கலவை. தங்கப் பூச்சு மிக மெல்லியது. தேய்ந்த இடத்திலும் நுண்துளைகளிலும் உப்பு ஈரம் புகுந்தால் கீழே களிம்பு ஏறும். டம்மி கார்டைப் பத்திரமாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான். கழித்த மெஷின்களில் பெரும்பாலும் அது தொலைந்துபோய், ஸ்லாட் வருடக்கணக்கில் வாய் திறந்தே கிடந்திருக்கும். கடற்கரையை ஒட்டிய வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேண்டும். மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். பெட்ரோல், தின்னர், தேங்காய் எண்ணெய் எதுவும் ஆகாது.

ஷட்டவுன் செய்து சார்ஜரை எடுத்து, பேட்டரியையும் கழற்றுங்கள். பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். லேப்டாப்பை ஸ்லாட் கீழே பார்க்கும்படி சாய்த்து, கேமராவுக்குப் பயன்படும் ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். பிறகு மென்மையான தட்டை ஓவியத் தூரிகையை ஐபிஏவில் தொட்டு, சொட்டாதபடி உதறி, ஸ்லாட்டின் உள் முனையில் மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பிசி கார்டு ஸ்லாட் என்றால் பின்கள் நீண்டிருக்கும் திசையிலேயே ஓட்டுங்கள், குறுக்கே தேய்த்தால் வளைந்துவிடும். கார்டின் தொடுமுனைகளையும் ஐபிஏ தொட்ட நூல் பிரியாத துணியால் துடையுங்கள். உப்புத்தாளால் தேய்ப்பது கூடவே கூடாது. தங்கப் பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்காலத்தில் களிம்பு இன்னும் வேகமாக ஏறும்.

ஃபேன் காற்றில் அரை மணி நேரம் காயவிட்டு, கார்டைச் சில தடவை செருகி எடுங்கள். உராய்விலேயே மெல்லிய படலம் கொஞ்சம் நீங்கும். அப்புறம் லினக்ஸ் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

பிசி கார்டு பின் ஒன்று வளைந்திருந்தால், மிக மெல்லிய பிளேடு நுனியால் அதை நிமிர்த்த முடியும். ஆனால் ஒரு தடவைக்கு மேல் முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிந்துவிடும். கை நடுங்காதவரிடம், பூதக்கண்ணாடி இருக்கும் மேசையில் செய்யச் சொல்வது நல்லது.

வெள்ளத்தில் நனைந்த மெஷினுக்கு இந்த வைத்தியம் போதாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர், எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீரே வீடுகளுக்குள் வந்தது. அப்படி நனைந்து, பரணில் வைத்து, இப்போது எடுத்த லேப்டாப் என்றால் ஆன் செய்து பார்க்காதீர்கள். ஈரமும் உப்பும் இருக்கும் போர்டில் மின்சாரம் பாய்ந்தால் செம்புத் தடங்கள் அரித்துப் போகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, போர்டை முழுவதும் பிரித்துக் கழுவித் தரும் டெக்னீஷியனிடம் கொடுங்கள். ஸ்லாட்டைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

கடையில் என்ன சொல்வது?

இத்தனையும் செய்தும் ஸ்லாட் எழுந்திருக்கவில்லை என்றால் கடைக்குப் போக வேண்டியதுதான். திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கும் தூரம். உங்கள் ஏரியாவிலேயே நம்பிக்கையான கடை இருந்தால் அதுவும் சரி.

‘ஸ்லாட் வேலை செய்யல’ என்று மட்டும் சொல்லாதீர்கள். “அண்ணா, பயாஸ்ல ஆன்லதான் இருக்கு. லினக்ஸ்ல ரெண்டு கார்டு போட்டுப் பார்த்துட்டேன், எதுவும் தெரியல. சுத்தமும் பண்ணியாச்சு. ஸ்லாட்டுக்கு 3.3 வோல்ட்டும் 1.5 வோல்ட்டும் வருதான்னு பாருங்க” என்று சொல்லுங்கள். எடுத்த படங்களையும் காட்டுங்கள். டெக்னீஷியனுக்குப் பாதி வேலை மிச்சம், உங்களுக்கும் வீண் கட்டணம் இல்லை.

அவர் பார்க்க வேண்டியவை மூன்று. சில மாடல்களில் ஸ்லாட் தனிச் சிறு போர்டில் இருந்து பட்டை கேபிளால் மதர்போர்டோடு இணைகிறது, அந்தக் கேபிள் நழுவியிருக்கலாம். ஸ்லாட்டின் உலோகக் கூட்டைப் பிடித்திருக்கும் திருகுகள் தளர்ந்திருக்கலாம், அல்லது கனெக்டரின் ஈயப் பற்று விட்டிருக்கலாம். கடைசியாக, கார்டு வந்ததும் மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்ன பவர் ஸ்விட்ச் ஐசி போயிருக்கலாம். இவை எல்லாம் அளவான வேலைகள். அதை விட்டுவிட்டு, “தம்பி, சிப்செட்டைச் சூடு பண்ணிப் பார்க்கலாம்” என்று மதர்போர்டின் முக்கியச் சிப்பில் கை வைக்க ஆரம்பித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்ற எல்லாம் நன்றாக ஓடும் மெஷினில் ஒரு ஸ்லாட்டுக்காகச் சிப்செட்டைச் சூடாக்குவது, இருப்பதையும் இழக்கும் வழி.

ஸ்லாட் உண்மையிலேயே போயிருந்தால் என்ன செய்வது என்பது உங்கள் தேவையைப் பொறுத்தது. சீரியல் போர்ட்தான் வேண்டும் என்றால் யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும், ஸ்லாட்டை மறந்துவிடலாம். யுஎஸ்பி 3 வேகத்துக்கு வேறு குறுக்கு வழி இல்லை, பெரிய ஃபைல்களை இரவில் யுஎஸ்பி 2-இல் போட்டுவிட்டுத் தூங்க வேண்டியதுதான். ஃபயர்வயர் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை: ஒரு முனை யுஎஸ்பி, மறுமுனை ஃபயர்வயர் என்று விற்கும் வெறும் கேபிள் மினிடிவி டேப்பை எடுக்க உதவாது. அதற்கு ஃபயர்வயர் போர்ட் உள்ள பழைய டெஸ்க்டாப்பையோ, எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் நன்றாக இருக்கும் இன்னொரு பழைய லேப்டாப்பையோ தேடுங்கள். அப்படி வாங்கப் போகும்போது உங்கள் கார்டையும் லினக்ஸ் பென்டிரைவையும் பையில் எடுத்துப் போங்கள். கடையிலேயே பூட் செய்து, பட்டியலில் அந்தப் புது வரி வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.